கிழங்கு வீரனை வரைந்தவன்

ஜப்பான்காரன் காலத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். சரக்குச் சீட்டு எழுதும் வேலை, சரக்குதான் வருவதில்லை. பாதி நாள் மேசையில் சாய்ந்து கிடப்போம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. வயிறு நிறையாது, ஊதும்.

அந்த அலுப்பில் பிறந்தவன்தான் கிழங்கு வீரன். சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்த ஆங்கிலப் படக்கதைகளில் மாவீரர்கள் மேலங்கி படபடக்க வானத்தில் போவார்கள். என் ஆளுக்கு மேலங்கி கோணிச்சாக்கு. தொப்பை, குச்சிக் கால். எனக்கு வரைய வந்தது அவ்வளவுதான். காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் வைப்பான். கிழங்கு தின்ற வயிறு, பின்னால் காற்றுப் பிரியும். அந்த வேகத்தில் பறந்துவிடுவான். சிப்பாய் தன் வாளிலேயே இடறி விழுவான். பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் இதை வரைந்து மேசைக்கடியில் நீட்டுவேன்.

அதிகம் சிரித்தவர் பக்கத்து மேசை அண்ணன். நாற்பது வயது, ஜெலுத்தோங்கில் மனைவியோடு இருந்தார், பிள்ளைகள் இல்லை. இருமல் வரும்வரை சிரிப்பார்.

ஒரு நாள் காலை ஜப்பானிய மேலதிகாரியின் கையில் அந்தத் தாள்களில் ஒன்று இருந்தது. என் மேசையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். வரைந்தது யார் என்று கேட்டார். நான் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் எழுந்து நின்று, தான்தான் என்றார்.

மேலதிகாரி நம்பவில்லை. பென்சிலைக் கொடுத்து அங்கேயே வரையச் சொன்னார். அண்ணனுக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. ஆனால் என் வீரனும் அந்த லட்சணம்தானே. அவர் போட்ட தொப்பையும் குச்சிக் காலும் அசலோடு அப்படியே பொருந்திவிட்டன. நான் கொஞ்சம் நன்றாக வரைந்திருந்தால் அவர் தப்பியிருப்பாரே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வாயைத் திறந்திருந்தாலே போதும் என்பதை மட்டும் நினைக்க மாட்டேன்.

அண்ணன் கன்னத்தில் அறை விழுந்தது. அந்த வாரமே சயாம் காட்டில் ரயில் பாதை போட அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உன் மூஞ்சியப் பாத்தேன்லா" என்றார்.

அவர் போய் மூன்று வாரம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஜெலுத்தோங்குக்கு நடந்தேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து கிழங்கு துருவிக்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"அவருக்குப் படம் போட வராது தம்பி. யாரு போட்டதுன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க. சொல்லிட்டா, அவரு திரும்பி வர்ற வரைக்கும் நான் உங்கள வெறுக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

தலையாட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவித்த கிழங்கு இரண்டு துண்டு தட்டில் வைத்துக் கொடுத்தார். பசி, தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஜெலுத்தோங் பக்கம் போனதில்லை.