அப்பாவின் காருக்கு எந்த இக்னிஷன்?

அப்பா இறந்தபிறகு இன்றுதான் அவருடைய பழைய அம்பாசிடரை ஆம்பூரில் மெக்கானிக் பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவும் கூட வந்தார்.

"இன்ஜினுக்குத் தீப்பொறி குடுக்குற பாயின்ட் தேஞ்சி போச்சு தம்பி. புதுசு போடவா, இல்ல எலக்ட்ரானிக்கா மாத்திடலாமா?" என்றார் பாய்.

"பாயின்ட்டே போடுங்க பாய். அப்பா வச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்."

பாய்க்கும் அதில் சம்மதம். "அதான் கரெக்ட். வழியில நின்னா உப்புத்தாள் வச்சித் தேய்ச்சிட்டுக் கெளம்பலாம். எலக்ட்ரானிக் போச்சுன்னா அங்கயே பேஜார்தான்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏலகிரி மலையில எத்தினி வாட்டி நின்னிருக்கு! அவரு தேய்ப்பாரு, நான் டார்ச் பிடிப்பேன். டார்ச் பிடிக்க இப்பவும் நான் இருக்கேன் பாய். தேய்க்கறதுக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். எனக்குத் தேய்க்கத் தெரியாது. "எலக்ட்ரானிக்கே போட்டுடுங்க பாய்" என்றேன்.

எலக்ட்ரானிக் மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது.

சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து சேரும்வரை, காரில் கிடந்த அந்த டார்ச்சை அம்மா மடியிலேயே வைத்திருந்தார்.

பாயின்ட்டா எலக்ட்ரானிக்கா என்று நம் கார் குரூப்பில் மல்லுக்கட்டும் நண்பர்களே, உங்கள் வண்டி வழியில் நின்றால் இறங்கப்போவது யார்? அதைச் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.