ஓடை வளைவில் தோண்டிய தங்கம்

எல்லோரும் வாட்ஸப்புக்குக் குடியேறிக்கொண்டிருந்த வருஷம், லீவில் நீலகிரிப் பக்கம் போனபோது, கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் ஒன்றைப் பார்த்தேன். சுரங்கம் என்றுதான் பலகை சொன்னது. போய்ப் பார்த்தால் ஆற்றோரம் கூழாங்கல் குவியல், உண்ணிச்செடி மண்டிய நாலு பள்ளம். நெய்வேலிக்காரனுக்கு இதெல்லாம் ஒரு பள்ளமா? ஆனாலும் திரும்பி வந்து நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து நிபுணனாகிவிட்டேன். பொதுவாக எனக்கு ஒன்றே போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வந்தான். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. காடாம்புலியூர்ப் பக்கம் கொஞ்சம் முந்திரித்தோப்பு. சோறு போட்ட கையோடு அவனுக்குப் பாடமும் போட்டேன். தங்கம் மலைப்பாறையில் பிறக்கிறது. பாறை மழையில் உதிர்ந்தால் ஆற்றோடு வருகிறது. கனம் அதிகம், நடக்கப் பிடிக்காது. எனவே நீர் வேகம் குறையும் வளைவில், உள்பக்க மணலுக்கடியில் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் இந்த ரகம்தான். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் மணலை அலசி அலசி எடுத்தார்கள், வளைவு தீர்ந்ததும் கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போனார்கள் என்று முடித்தேன். அவன் கண் கொட்டாமல் கேட்டான். வீட்டில் இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததே இல்லை. மனைவி அப்போதே ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். தம்பி அனுப்பிய படம். தோப்போரத்து ஓடை, அதன் வளைவு, வளைவில் ஆள் உயரப் பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் வேரெல்லாம் வெளியே தெரிய, அடிமரத்தில் காய்களைச் சுமந்துகொண்டு அவர்களுடைய பலாமரம்.

“கோடை மழை ஒண்ணு அடிச்சா சாஞ்சிடும். போங்க, போய் நீங்களே சொல்லுங்க” என்றாள்.

வண்டியை எடுத்தேன். மேற்கே வானம் கருத்திருந்தது. மச்சான் பள்ளத்துக்குள் நின்றிருந்தான்.

“வாங்க மாமா! ஷிப்ட் முடிஞ்சி வந்து தினம் தோண்டிக்கினு இருக்கேன்.” உள்ளங்கையைக் காட்டினான். ஈர மணலில் மஞ்சளாகப் பொடிகள் மினுங்கின.

“இது காக்காப்பொன்னுடா, வெறும் மைக்கா.”

“நானும் சின்ன வயசுலேர்ந்து அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க சொன்னப்புறந்தான் புத்தி வந்துது.”

பிறவியிலேயே தெரிந்த ஒன்றை ஒரே மதியச் சாப்பாட்டில் மறக்கவைத்திருக்கிறேன். நல்லவேளை, வாத்தியார் வேலைக்குப் போகவில்லை.

“இந்த ஓடைக்கு மேல மலையே இல்லையேடா. தங்கம் எங்கேருந்து வரும்?”

“கெணறு தோண்டுனப்ப கருப்பா வந்துதே, அதை அன்னிக்கு யாரு நம்புனாங்க? இன்னிக்கு நீங்க குந்திக்கினு இருக்கிற குவார்ட்டர்ஸே அதுல வந்ததுதானே?”

கிணற்றில் நிலக்கரி வந்த ஊர்க்காரனிடம், பூமிக்கடியில் ஒன்றுமில்லை என்று எவன் சொல்வது?

புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. கல்லின் மேல் ஒரு பொடியை வைத்து, சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்தேன். “தங்கம்னா தட்டத் தட்டத் தகடாகும். தட்டு.”

தட்டினான். செதில் செதிலாக நொறுங்கியது. இன்னொன்று. அதுவும். மூன்றாவதை வைக்கவில்லை. தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தான்.

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னா மாமா?”

“அந்தப் பாகம் வர்றதுக்குள்ள ரசம் உள்ள போயிடுச்சு.”

அவன் சிரிக்கவில்லை. இன்னொரு மண்வெட்டியை என் பக்கம் தள்ளினான். இருபது வருஷம் சுரங்க ஆபீஸில் இருந்துகொண்டு நான் அள்ளிய முதல் மண் அதுதான். வேருக்கடியில் மணலை இட்டு மிதித்தோம். மரத்தைக் கயிறு போட்டுப் பக்கத்து முந்திரியோடு இழுத்துக் கட்டினோம். முக்கால் பள்ளம் நிறைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பம்ப் செட் கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டு இருவரும் மரத்தையே பார்த்தோம். ஒரு காற்றுக்குக் கயிறு விறைத்தது. இரண்டு காய்கள் விழுந்தன. மரம் ஒரு முழம் சாய்ந்து நின்றுகொண்டது.

மழை விட்டதும் போய் அடிமரத்தைத் தோளால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தான்.

“நிக்கிது மாமா. இனிமே எதுனா படிச்சா, மனசுக்குள்ளயே படிங்க.”