வெள்ளையாக விட்ட இடம்

அந்தத் தாள்களில் ஆயில் வாடை அடிக்கும். மூக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, பையைத் திறந்தாலே போதும். உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு பிளஸ் ஒன் படித்த ரேணுகாவின் அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் இருந்தார். அங்கே பாகங்களின் அளவைக் குறித்துவிட்டுக் கழித்துப்போட்ட "சார்ட்" தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார், அவற்றின் மிச்சக் கட்டங்களில்தான் நாங்கள் இருவரும் மதிய இடைவேளையில் வரைபடம் போட்டுப் பழகினோம்.

அந்த வருஷம் கணக்கில் அசமன்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு, பொருந்தும் பக்கத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். எல்லா வண்ணமும் சேர்ந்து விழும் இடமே விடை. இது கணக்கு சார் சொன்ன முறை. ரேணுகா தலைகீழாகச் செய்வாள். அப்பாவின் சார்ட்டில் அளவு தப்பிய பகுதிதான் சிவப்பு, நல்ல பகுதி வெள்ளை. அதைப் பார்த்தே வளர்ந்தவள், பொருந்தாத பக்கத்தையெல்லாம் சிவப்பில் தீற்றி, நடுவில் ஒரு துண்டை மட்டும் வெள்ளையாக விடுவாள்.

"வேணாங்கறத அடிச்சுட்டா வேணுங்கறது தானா நிக்கும்டி. நீ கலர் மேல கலர் பூசிக்கிட்டு உக்காந்திரு."

"சார் ஒத்துக்க மாட்டாருடி."

"விடை ஒண்ணுதானே? பாத்துக்கட்டும்."

காலாண்டில் தேறாதவர்களைக் கணக்குப் பிரிவிலிருந்து மாற்றிவிடுவதாகச் சார் சொல்லியிருந்தார். ரேணுகாவுக்கோ இன்ஜினீயர் ஆகி அப்பாவின் கம்பெனிக்கே போக வேண்டும்.

விடைத்தாள் கொடுத்த அன்று சார் அவளை எழுப்பினார். "எல்லாத்தையும் அடிச்சு வெச்சிருக்க, விடை எங்கம்மா?"

"வெள்ளையா இருக்குதே, அதுதான் சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் கையில் முழு மதிப்பெண் வாங்கிய வரைபடம். அதில் வண்ணங்கள் சேர்ந்து விழுந்த இடத்தின் நான்கு மூலைகளும் அவள் விட்டிருந்த வெள்ளைத் துண்டின் நான்கு மூலைகளும் ஒன்றேதான். எழுந்து அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. அந்த ஒரு கணக்கில் போன மதிப்பெண்ணால் அவள் தேறவில்லை. அந்தாள் செய்தது அநியாயம். நான் செய்தது அதைவிட மோசம், எனக்கு விடை தெரியும்.

அடுத்த வாரம் வேறு பிரிவுக்குப் போனாள். மதியத்தில் என்னோடு உட்காருவதையும் விட்டாள்.

இப்போது நான் ஓசூரில் குவாலிட்டி இன்ஜினீயர். தாள்கள் ஒழிந்துவிட்டன, ஆயில் வாடையும் இல்லை, எல்லாம் கணினித் திரையில் வருகிறது. தள்ள வேண்டியது மட்டும் இன்னமும் சிவப்பு, நல்லது வெள்ளை. ரேணுகா எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தினமும் காலையில் அந்தத் திரையைத் திறக்கிறேன், அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.