அஞ்சலையம்மாள் கேட்ட இரண்டாவது படம்

ஜொகூரில் பெக்கோக் பக்கம் காட்டுக்குள் நிலம் அளந்துகொண்டிருந்தேன். நம் ஊர் குளுவாங்கிலிருந்து வந்த ரயில் கார்டு ஆளனுப்பிச் சொன்னார்: மருத்துவச்சி அஞ்சலையம்மாள் இறந்துவிட்டார். "எந்த அஞ்சலை?" என்று வந்தவன்மேல் எரிந்து விழுந்தேன். முந்தின நாள் காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர் அவர். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு பிரசவம் பார்த்து, பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவ உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் வீட்டுப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் கைராசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நான் நில அளவை அலுவலகத்தில் நிலம் அளந்து படம் வரைபவன். மூன்று வருடமாக அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் விதவை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் ரப்பர்த் தோட்டமும் ஓர் அத்தாப்பு ஓலை வீடும் இருந்தன. மகள் செல்லம், ஒரு சீனத்தாய் கைக்குழந்தையாகக் கொடுத்துவிட்டுப் போனவள். தத்தெடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உயில் இல்லையென்றால், கணவருடைய அண்ணன் மகன் கங்காணி மருதமுத்து உரிமை கேட்டு வந்து நிற்பார். அஞ்சலையம்மாள் உயிரோடு இருக்கும்போதே வந்து மரங்களை நோட்டம் பார்த்துவிட்டுப் போகிறவர் அவர்.

அதனால் சென்ற வருடம் ஒரு மழைநாளில் உயில் எழுதினோம். எல்லாம் செல்லத்துக்கு. எழுதியது நான், நிலத்தின் படம் வரைந்து இணைத்ததும் நான், நிறைவேற்றும் பொறுப்பும் எனக்கு. இரண்டு சாட்சி வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் வந்துவிட்டார், மழையில் தபால் குமாஸ்தாவைக் காணோம். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"செல்லம் போடட்டுமே. எழுதப் படிக்கத் தெரிந்தவள்தானே?" என்றேன்.

"கொஞ்சம் பொறு தம்பி. அவசரப்பட்டு இழுத்தா பிள்ளை வராது, கைதான் வரும்."

"இது பிரசவம் இல்லை அக்கா, காகிதம்."

செல்லம் போட்டாள். நான் ரயிலைப் பிடித்தேன்.

சில மாதம் கழித்து, அதே படம் இன்னொன்று வேண்டும் என்றார்.

"எதுக்கு?"

"சுவத்திலே மாட்ட."

"சாமி படம் மாட்டுங்க."

"சாமிக்கு மூணு ஏக்கர் இருக்கா?"

முணுமுணுத்துக்கொண்டே வரைந்து கொடுத்தேன். அந்த வாரம் மருதமுத்துவை அழைத்துக் கோழிக்குழம்பு வைத்துப் போட்டார். இந்த ஆளுக்கா கோழி என்று எனக்கு எரிச்சல். "சாப்பிடட்டும் விடு. அவன் கையாலே ஒரு வேலை ஆகணும்" என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உயிலை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனேன். வக்கீல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "சொத்தும் இந்தப் பெண்ணுக்கு, சாட்சியும் இந்தப் பெண்ணா? சாட்சி போட்டவருக்கு எழுதியது செல்லாது." அவ்வளவுதான். என் ஒரு ரயிலுக்காக ஒரு பெண்ணின் வீடு போய்விட்டது. திரும்பும் வழியெல்லாம் ரயில் பெட்டியில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை.

வீட்டில் மருதமுத்து ஏற்கெனவே வந்திருந்தார். அவர் முன்னாலேயே செல்லத்திடம் சொன்னேன். "தப்பு என்னுடையது. உயில் நிற்காது."

"படிச்சவங்க வேலைன்னா இப்படித்தான் லா" என்றார் மருதமுத்து, சிரித்துக்கொண்டு.

செல்லம் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். "வக்கீல் முடியாதுன்னா, மருதமுத்து அண்ணனை வச்சுக்கிட்டுத் திறக்கச் சொன்னாங்க அம்மா."

உள்ளே இன்னொரு உயில். அதே வாசகம். இணைப்பாக, சுவருக்கு என்று நான் வரைந்த படம். சாட்சிகள் இருவர். ஒருவர் தபால் குமாஸ்தா. மற்றவர் மருதமுத்து.

"அலமாக்! இது என் கையெழுத்துதான். சின்னம்மா எனக்குத்தான் எழுதுறாங்கன்னுல்ல நினைச்சேன்!"

"படித்துப் பார்க்கவில்லையா?"

"கோழி ஆறிடும்னாங்க."

செல்லம் விவரம் சொன்னாள். ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டுப் பிரசவத்துக்குப் போனபோது அஞ்சலையம்மாள் என் காகிதத்தைக் காட்டி விசாரித்திருக்கிறார். சாட்சி போட்டவருக்குக் கிடைக்காது என்று கேட்டதும், அப்படியானால் யாருக்குக் கிடைக்கக் கூடாதோ அவனையே போடச் சொல்லலாமே என்று முடிவு செய்திருக்கிறார். சட்டம் அப்படியே அதைச் சொல்லவில்லை என்கிறார் வக்கீல். ஆனால் சின்னம்மா சுயபுத்தியோடு கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று தானே எழுதிக் கொடுத்தவர் இனி எந்த வாயால் மறுப்பார்? மருதமுத்து குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று செல்லத்தைக் கேட்டேன்.

"சொன்னா நீங்க மூணு நாள் சாப்பிட வரமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

என் தவறு தெரிந்தே மாதக்கணக்கில் எனக்குச் சோறு போட்டிருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அவர் இறந்த அதிர்ச்சியே இன்னும் தீரவில்லை. அதன்மேல் இது.

இரண்டாவது உயில் நீதிமன்றத்தில் இருக்கிறது. செல்லாத முதல் உயிலை யாரும் கேட்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். படத்தில் ஒரு கோடும் பிசகவில்லை. அதன் கீழே, மழை விடும்வரை பொறுக்காமல் நான் போடச் சொன்ன கையெழுத்து. மூன்று நாள் வரமாட்டேன் என்றா நினைத்தீர்கள் அக்கா, மறுவேளையே வந்திருப்பேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய். வந்திருக்க மாட்டேன்.