என் இடது சிறுநீரகத்தில் இரண்டு குழாய்

தம்பி ரமணனுக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவான பிறகு, போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை ஸ்கான் எடுக்கப் போனேன். இதே வேலைக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்படப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மறைக்க என்ன இருக்கு, அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

காலை 6.40க்குக் காலி வீதியில் ஓட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனையில் தம்பியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி. மொத்தம் பதினாலு கிலோமீற்றர், ஒன்றே கால் மணித்தியாலம், 1,650 ரூபாய். பம்பலப்பிட்டியில் ஓட்டோக்காரன் பஸ்ஸுக்கும் காருக்கும் இடையில் வெட்டி ஓடினான். "ஹெமின் யன்ன மல்லி," என்று மெதுவாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினேன். "அக்காவுக்குப் பயமோ?" என்று தமிழிலேயே சிரித்தான். ஓம், பயம்தான். ஆனால் அவனுடைய ஓட்டத்தால் வந்தது அதில் கால்வாசிகூட இல்லை.

அங்கே போனதும் என் மடத்தனம் வெளிப்பட்டது. தம்பிக்காக நேர்ந்து கந்தசஷ்டி விரதம் பிடித்திருந்தேன். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் இல்லை. கேட்ட தாதி தலையில் கை வைத்தா. "ஐயோ கடவுளே! ஸ்கானுக்கு ஊசியில மருந்து ஏத்துவினம். உடம்பில தண்ணி இல்லாட்டி அது கிட்னியைத்தான் தாக்கும். குடுக்கப்போறதை நீங்களே கெடுக்கிறியளோ?" சேலைன் ஏற்றி, திரும்ப இரத்தம் பார்த்து, பதினொன்றரைக்குத்தான் ஸ்கான். விரதகாரர் முதலே கேட்டுக்கொண்டு போங்கள்.

மூன்று மணிக்கு டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். வழக்கமாக இடது சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்களாம். அதிலிருந்து இரத்தம் திரும்புகிற நாளம் நீளம், தைக்க வசதி. எனக்கோ இடப்பக்கம் இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு. கீழேயுள்ள மெல்லியதுதான் சிறுநீர் இறங்கும் வழிக்கும் இரத்தம் கொடுக்கிறது. தைத்த பிறகு அது அடைத்தால் தம்பிக்குச் சிறுநீர் கசியலாம், திரும்பவும் வெட்ட வேண்டி வரலாம். வலப்பக்கம் குழாய் ஒன்றுதான், ஆனால் நாளம் கட்டை.

"ரெண்டில எந்தப் பக்கமும் எடுக்கலாம். ஆனா கரைச்சல் கொஞ்சம் கூட," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ. பொருந்தேல்லை எண்டு மட்டும்தான் வெளியில சொல்லுவம்."

தப்பினேன் என்று ஒரு நிமிடம் மனம் குதித்தது. வெட்கம்தான், ஆனால் உண்மை. என் இரண்டு பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

வாங்கில் உட்கார்ந்திருந்த ரமணன் வீங்கிய கண்ணால் என் முகத்தையே பார்த்தான். "பொருந்தேல்லை எண்டு அம்மாட்டச் சொல்லுவம் அக்கா. என்னட்டையும் அப்பிடியே சொல்லு. நான் நம்புவன்."

"வாயை மூடடா," என்றேன். அழுகை வந்துவிட்டது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். "பயமாக் கிடக்கு டொக்டர். எண்டாலும் எடுங்கோ."

போகிறவர்களே, எந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தனியே கூப்பிட்டுக் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்; மாட்டேன் என்று சொன்னாலும் அது பாவமில்லை. எனக்கு அடுத்த புதன்கிழமை ஒப்பரேஷன். இடப்பக்கம்தான் எடுக்கிறார்கள், இரண்டு குழாயோடு; வலப்பக்கத்துக் கட்டை நாளத்தைத் தைப்பதைவிட அது பரவாயில்லையாம். ரமணன் இரவில் நித்திரை கொள்கிறானாம். எனக்கு வருகுதில்லை.