இறக்கிய சுருதி

ராசிபுரத்தில் எங்கள் சபையில் பத்து வருடமாக நான்தான் ஆராதனையில் பாடல்களை முன்நின்று நடத்துகிறேன். என் குரல் நன்றாக மேலே போகும். அதில் எனக்குப் பெருமை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்வரிசையில் நிற்கும் தறிக்கார அக்கா என்னிடம் வந்தார்.

"நல்லாத்தான் பாடறீங்க. எங்களுக்குத்தான் எட்டறதில்லீங்க, வாயை மூடிட்டு நிக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே சுருதியை இறக்கினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடினார்; சபையே பாடியது.

பாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "ஆராதனையை யூட்யூப்ல போடறோம். உங்க குரலே கேக்கலீங்களே" என்றார்.

"சபை பாடறது கேக்குதுங்களா?"

"அது கேக்குது."

"அப்ப என் வேலையைச் செஞ்சுட்டேனுங்க. சுருதியை ஏத்தோணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். நான் இறக்கித்தான் பாடுகிறேன்.