சோடாக்கா கழுவிய தலை

சோடாக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளோடு வேலை செய்யும் இஸ்திரிக்காரர். ஒரு பெரிய ஓட்டலின் தரைக்குக் கீழே இருக்கிறது அவர்களுடைய சலவை அறை. சன்னல் கிடையாது. இயந்திரங்கள் சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். படுக்கை விரிப்பில் மை கொட்டினாலும் சரி, மேசை விரிப்பில் காப்பி கொட்டினாலும் சரி, அவள் கை முதலில் போவது சோடா டப்பாவுக்கு. "இவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் சோடாவைக் கரைச்சுத்தான் குடிப்பா" என்று இஸ்திரிக்காரர் ஒருநாள் சொல்லப்போக, அறையே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர், எந்தச் சோடாவுக்கும் போகாத கறை மாதிரி நின்றுவிட்டது.

கெட்டிக்காரிதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் தான் பிடித்த பிடியை விடமாட்டாள். கடையில் பளபளப்பாக அட்டை ஒட்டி விற்கிற எதையும் அவள் நம்பினதில்லை. "நுரை வந்தா அழுக்கு போயிருச்சுன்னு அர்த்தமா? நுரையைக் காட்டிக் காசைப் பிடுங்கறான்" என்பாள்.

அவள் வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவர், கணவருடைய அக்கா. கணவர் பள்ளி வண்டி ஓட்டுகிறவர். அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார், பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வாய் கொஞ்சம் காரம், மனசு அப்படி இல்லை. சோடாக்கா இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "ஊரான் அழுக்கைத் துவைக்கிறவளா மருமக?" என்று ஒரு உறவுக்காரி உதட்டைப் பிதுக்கினாள். "ஊரான் அழுக்கைத் துவைக்கிறா, உன்னை மாதிரி ஊரான் மேல பூசலையே" என்று நாத்தனார் அந்த இடத்திலேயே அடித்தாள். அன்றிலிருந்து சோடாக்காவுக்கு அவள் என்றால் உயிர்.

நாத்தனாருக்கு முடி என்றால் அப்படி ஒரு முடி. நரை பாதி, கறுப்பு பாதி, அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். சுருட்டிக் கொண்டை போட்டால் தலைக்குப் பின்னால் இன்னொரு தலை. பேருந்து நிலையத்தில் வழி கேட்கிறவர்களிடம், "பெரிய கொண்டை உட்கார்ந்திருக்கும் பாருங்க, அந்தக் கவுண்டர்" என்றுதான் சொல்வார்கள். அவளும் அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி டிக்கெட் கிழிப்பாள். முகத்தில் மட்டும் ஒரு பூரிப்பு இருக்கும்.

அந்த நாத்தனாருக்கு நெஞ்சு தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்து, மருத்துவமனையில் சேர்த்து, இடது தோள்பட்டைக்குக் கீழே துடிப்பைச் சீராக்குகிற சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. தினமும் காலையில் ஒரு மாத்திரை. "இதை மட்டும் ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டா விளையாட்டு இல்லை" என்று மருத்துவர் விரலை ஆட்டிச் சொன்னார்.

கை தூக்க முடியாதவள் தலைக்கு எப்படிக் குளிப்பாள்? சோடாக்கா முன்வந்தாள். குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு நாத்தனாரை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து வாளிக்கு மேல் பிடித்துக் கழுவுவாள். தன் தலையை யாரையும் தொடவிடாதவள், இவளிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள்.

வந்த வினை என்னவென்றால், படுத்துக் கிடந்த உடம்புக்கு ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மண்டையெல்லாம் அரிப்பு.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி? அதெல்லாம் மருந்து. இயற்கையா நான் பண்ணித் தரேன், பாருங்க."

"பண்ணு. என் தலையைச் சட்டியாக்காம இருந்தா சரி."

முதலில் முட்டை. அடித்துப் பூசி ஊறவைத்தது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. நாத்தனாருக்குக் குளிரக் கூடாதே என்று வெந்நீரை ஊற்றினாள். முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. ஒவ்வொரு துணுக்காக அவள் பொறுக்கி எடுக்க, "உப்பு மிளகு கொண்டு வரட்டுமா அக்கா?" என்று வண்டிக்காரக் கணவர் கேட்க, நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது மாவு. அது உள்ளே கட்டிக்கொண்டு, நாத்தனார் சீவும்போதெல்லாம் தோளில் உதிர்ந்தது. பிறகு எலுமிச்சைச் சாறு. கண்ணில் பட்டு வீடே அலறியது.

அதன் பிறகுதான் சமையல் சோடா. தண்ணீரில் கரைத்துத் தலையில் தேய்த்து, கடைசியில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரால் அலசினாள். வெள்ளைத் துணிக்கு ஓட்டலில் செய்கிற அதே முறை. எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போய், முடி விரலுக்கு நடுவே கீச்சுக் கீச்சென்றது. அரிப்பும் அடங்கியது.

"அடியே, தலையே லேசா இருக்குடி. ஷாம்புக்காரன் மூஞ்சில கரியைப் பூசிட்டே."

அந்த ஒரு வார்த்தை போதும் சோடாக்காவுக்கு. அடுத்த முறை சோடாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஓட்டலில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமை அடித்தாள்.

வாரங்கள் போகப் போக முடி சொரசொரத்தது. சிக்கு விழுந்தது. சீப்பில் முழு முடியாக வராமல், நடுவில் முறிந்து துண்டு துண்டாக வந்தது. நாத்தனார் சீப்பை நீட்டிக் காட்டினாள்.

"பழைய ஷாம்பு அழுக்கெல்லாம் வெளியே வருது அண்ணி. கொஞ்சம் பொறுங்க, நல்லாயிடும்" என்றாள் சோடாக்கா. எங்கே கேட்டாள், யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னாள். சொன்னதை அவளே நம்பினாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சலவை அறையில், புதிதாகச் சேர்ந்த பெண்மணி ஒருத்தி விருந்தாளி ஒருவருடைய கம்பளிச் சால்வையைச் சோடாத் தண்ணீரில் அமுக்கப் போனாள். சோடாக்கா பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள்.

"என்ன காரியம் பண்றே? கம்பளிம்மா இது! ஆட்டு முடி! முடியைப் போய் யாராவது சோடாவில போடுவாங்களா? சொரசொரன்னு ஆகி முறிஞ்சு போயிடும்…"

வாய் அப்படியே நின்றுவிட்டது. கையில் சால்வை தொங்கியது. எத்தனையோ வருஷமாக, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான். கம்பளிக்குத் தெரிந்தது நாத்தனார் தலைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

"என்னக்கா, மூச்சு விட மறந்துட்டியா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"புழுக்கமா இருக்கு" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டே போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அக்காவுக்கு மாத்திரை வாங்கிவந்திருந்தார்.

"மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டேன்க்கா. இந்த மாத்திரைக்குச் சில பேருக்கு முடி கொட்டுமாம்."

நாத்தனார் திரும்பி, உள்ளே நுழைந்தவளைப் பார்த்தாள். "அப்படியாடி? நீ என்ன நினைக்கறே?"

சொல்லியிருக்கலாம். கோத்து வைத்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, "ஆமா அண்ணி. மாத்திரையோட வேலைதான் அது" என்றாள்.

அன்றோடு சோடாவை நிறுத்தினாள். வெறும் தண்ணீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் தடவி, விரலாலேயே சிக்கெடுத்தாள். பாவத்தைக் கழுவுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகச் செய்தாள். ஆனால் முறிந்தது முறிந்ததுதானே. கொண்டை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிற்று. சாப்பாட்டில் அவளுக்கு ருசி இல்லை. நாத்தனார் சீப்பை எடுக்கிற சத்தம் கேட்டால் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவாள்.

விடுமுறை நாள் காலையில் வீட்டுத் துணியைத் துவைக்க எடுத்தாள். இயந்திரத்தில் போடுமுன் எல்லாப் பையையும் வெளியே இழுத்துப் பார்ப்பது அவள் கைக்குப் பழகிய வேலை. ஓட்டலில் ஒரு பேனா தப்பினாலும் ஒரு சுற்றுத் துணியும் நாசம். நாத்தனாருடைய நைட்டியின் பைக்குள் விரலை விட்டாள். சின்னச் சின்னதாக, வெள்ளையாக, ஓரம் தேய்ந்து, மாத்திரைகள். ஒன்றல்ல, கொத்தாக.

உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்துக்கொண்டு நாத்தனார் அறைக்குப் போனாள். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையால் சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது உங்க நைட்டிப் பையில இருந்துச்சு."

"என் பையை எதுக்குடி துழாவறே?"

"துவைக்கறதுக்கு முன்னாடி பையைப் பாக்காம இருப்பேனா? அது கிடக்கட்டும். ஏன் முழுங்கலை?"

"முழுங்கினா முடி போவுது. நீதானே சொன்னே."

"நெஞ்சு அடிச்சுக்குதா?"

"ராத்திரில கொஞ்சம். அடிச்சா அடிக்கட்டும். மொட்டையா உக்காந்து டிக்கெட் கிழிக்கச் சொல்றியா என்னை?"

அப்போதும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. மருந்துக்கடைக்காரர் தப்பாகச் சொல்லிவிட்டாராம், அது வேறு மாத்திரையாம் என்று ஒரு கதையை விட்டால் முடிந்தது. நாத்தனார் மாத்திரையும் போட்டுக்கொள்வாள், இவள் பேரும் கெடாது. சோடாக்கா அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

"என்ன, டாக்டர் வேற மாதிரி சொன்னாரா?" என்றாள் நாத்தனார். "சொன்னா நீ சொல்லு. அவர் சொல்றதைவிட நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

அதற்கு மேல் அந்தக் கதை வாயில் நிற்கவில்லை.

"மாத்திரை இல்லை அண்ணி. நான்தான். நான் போட்ட சோடா. கம்பளியைச் சோடாவில போட்டா முறியும்னு எனக்குத் தெரியும். உங்க தலையும் முடிதானேன்னு எனக்குத் தோணவே இல்லை."

நாத்தனார் சீப்பைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று இவள் காத்து நின்றாள். திட்டு வரவில்லை. கேள்விதான் வந்தது.

"எப்போ தோணுச்சு?"

"ஓட்டல்ல ஒருத்தி சால்வையை நனைக்கப் போனா… அன்னிக்கு."

"மாத்திரையோட வேலைன்னு என்கிட்ட சொன்னது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சோடாக்கா தரையைப் பார்த்தாள். "பின்னாடி அண்ணி. அன்னிக்குச் சாயங்காலமே."

"தெரிஞ்சுகிட்டே சொன்னே."

"தெரிஞ்சுகிட்டே சொன்னேன்."

நாத்தனார் கையை நீட்டினாள்.

"புதுசா ஒண்ணு எடுத்துக் குடு. தண்ணியும் கொண்டு வா."

கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் மாத்திரையை விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, "முடியைக் கெடுத்தே, அது போகட்டும். புத்தி இல்லாம செஞ்சே. இதை என்னன்னு சொல்ல?" என்றாள். "போ. துணியைப் பாரு."

அன்றைக்கே தம்பியின் வண்டியில் மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள். நல்ல வேளையாகப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மருத்துவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். வரும் வழியில் நாத்தனார் ஒரு முடிவெட்டும் கடையில் இறங்கி, முறிந்ததையெல்லாம் கழுத்தோடு வெட்டச் சொன்னாள். கவுண்டருக்குத் திரும்பிய முதல் நாள், கொண்டையைத் தேடிக்கொண்டு வந்த ஆட்கள் பக்கத்துக் கவுண்டரில் போய் நின்றார்களாம். வண்டிக்காரர் அதை வேடிக்கையாகச் சொன்னார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பேச்சு நிற்கவில்லை. "சோறு வை", "கதவைச் சாத்து" எல்லாம் நடக்கிறது. மாத்திரையை நாத்தனார் தினமும் இவள் முன்னாலேயே விழுங்குகிறாள், பார்த்துக்கொள் என்கிற மாதிரி. தலையை மட்டும் தரவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பைக் கடையில் வாங்கிவந்து, ஒற்றைக் கையால் தானே கழுவிக்கொள்கிறாள். குவளை கை நழுவித் தரையில் விழும். தண்ணீர் கண்ணில் போய் ஒரு முனகல் வரும். சோடாக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள்.

"அக்கா கூப்பிடப் போறதில்லை. எதுக்கு நிக்கறே?" என்பார் கணவர்.

"நிக்கறேன், அவ்வளவுதான்."

போன வாரம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரது, நீயா? இன்னும் அங்கேயே நிக்கறியா?"

"ஆமா அண்ணி."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

"நில்லு. எனக்கென்ன."